பூணூலுக்கு லத்தீனில் ஒரு வக்காலத்து



இந்த ஆண்டு நினைவுப் பேருரையில் ராபர்ட் தெ நொபிலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். தலித் இலக்கிய மேடையில், பூணூல் போட்டுக்கொண்ட இத்தாலியப் பாதிரிக்கு என்ன வேலை என்று ஒரு தோழர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மனிதரைக் கொண்டாட நான் வரவில்லை. திட்டித் தீர்த்துவிட்டுப் போகவும் வரவில்லை. லத்தீனையும் சமஸ்கிருதத்தையும் ஒருசேரக் கற்றுத் தேர்ந்த அவர், அந்த இரண்டு மொழிகளையும் வைத்துச் சாதிக்கு ஒரு விளக்கம் எழுதினார். 'இது மதம் அல்ல, சமூக வழக்கம்' என்பது அந்த விளக்கம். எழுதப்பட்ட ஆண்டு 1613. நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் வரைக்கும் அந்த விவகாரம் வந்து நிற்கிறது. அதனால்தான் அவரைப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரத்தநாட்டில் கூடியிருக்கிறோம். எனவே இங்கிருந்தே தொடங்குகிறேன். இந்த ஊரின் முக்தாம்பாள் சத்திரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் சரபோஜி தமக்குப் பிரியமான முக்தாம்பாளின் பெயரால் 1802இல் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் தஞ்சாவூர் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தம் முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாக அளக்கப்படும். நோயாளிக்கு வைத்தியர் உண்டு. பிள்ளைகளுக்கு வாத்தியார் உண்டு. வேதம் ஓதுவிக்க ஆசிரியர்களும் உண்டு.

கவனித்துப் பாருங்கள். சோறு பறையர் வரைக்கும் வந்திருக்கிறது. வேதம் வரவில்லை. அந்தச் சோற்றுக்கான நெல்லை யார் நட்டு, யார் களை பறித்து, யார் அறுத்துக் களத்தில் அடித்தார்கள் என்று இந்த மேடையில் நான் சொல்ல வேண்டியதில்லை. சத்திரத்து நிலங்களின் வருமானத்தில் நடந்த படிப்பும் விடுதியும் இருபதாம் நூற்றாண்டில் கால் பங்கு கழிந்த பிறகும் பிராமணப் பிள்ளைகளின் தனிச்சொத்தாகவே இருந்தன. மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ.டி.பன்னீர்செல்வம்தான் ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இருந்த விடுதிகளை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்று சமஸ்கிருதக் கல்லூரிக்குள் தமிழ் நுழைந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பன்னீர்செல்வம் நீதிக்கட்சிக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கத்தோலிக்கர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நொபிலி தொடங்கிவைத்த அதே திருச்சபையின் பிள்ளை அவர். ஒரே திருச்சபையிலிருந்து சமஸ்கிருதத்தின் வாசலுக்கு வந்த இருவர் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள்.

நொபிலி 1577இல் ரோமில் பிறந்தார். மொந்தெபுல்சியானோ என்ற ஊரின் பிரபுக் குடும்பம். போப்பாண்டவர் பரம்பரையோடு உறவு கொண்டாடிய குடும்பம். மூத்த பிள்ளை சேசு சபையில் சேர்ந்தது வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. 1605இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு நவம்பரில் மதுரைக்கு வந்தார். வயது இருபத்தொன்பது.

மதுரையில் அப்போது கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தார். முன்னாள் சிப்பாய். சின்னக் கோயில், ஒரு பள்ளி, ஒரு மருந்துச்சாலை. கடற்கரையிலிருந்து வந்து போகும் பரதவர்களும் போர்த்துக்கீசியரும்தான் அவருடைய சபை. உள்ளூர் 'மேன்மக்கள்' ஒருவரும் அவரிடம் போகவில்லை. காரணம் எளிது. அவர்கள் கண்ணில் அவர் 'பரங்கி'. மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன், தாழ்ந்த சாதியோடு புழங்குபவன் என்பதெல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் இருந்தன.

நொபிலி எடுத்த முடிவு வரலாற்றில் புகழ் பெற்றது. நான் பரங்கி அல்லன், ரோமாபுரியின் ராஜ குலத்தவன் என்று அறிவித்தார். காவி உடுத்தினார். பாதக்குறடு போட்டார். இறைச்சியை விட்டார். பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டு ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். மூன்று இழை பொன்னும் இரண்டு இழை வெள்ளியுமாக ஐந்து இழையில் நூல் அணிந்து, அதில் சிலுவையைக் கோத்துக்கொண்டார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பெர்னாந்தஸின் கோயிலையும் வீட்டையும் விட்டுத் தனியே போனார். வெளியார் பார்வையில் அவரோடு புழங்குவதையும் விட்டார்.

இதன் பிறகுதான் சமஸ்கிருதம் வந்தது. சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். வேதமும் சாத்திரமும் கற்பித்தார். 1609இல் ஞானஸ்நானம் பெற்று பொனிபாசியோ ஆனார். சமஸ்கிருதத்தை ஆழக் கற்ற முதல் ஐரோப்பியர் நொபிலி என்று பிற்காலத்தில் மாக்ஸ் முல்லர் எழுதினார். வரலாற்று நூல்கள் இந்தப் பெருமையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு. கடல் தாண்டி வந்தவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் திறந்த கதவு, சத்திரத்து வாசலில் பரம்பரையாக நின்றவர்களுக்கு ஏன் திறக்கவில்லை? திறப்பதற்கான கட்டணத்தை நொபிலி கட்டினார். தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர்களோடு புழங்குவதில்லை என்பதே அந்தக் கட்டணம். நம்மவர் அதைக் கட்ட முடியாது. தம்மிடமிருந்தே தள்ளி நிற்க யாரால் முடியும்?

மூன்று நூற்றாண்டு கழித்தும் நிலைமை மாறிவிடவில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் மாணவர் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்தார். பின்னாளில் தாமே முயன்று சமஸ்கிருதம் கற்றார். அந்தப் படிப்பில்லாமல் 'சூத்திரர்கள் யார்' என்ற நூல் இல்லை. நாக்பூரின் குமுத் பாவ்டேயை இங்கே உள்ள மாணவிகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். மகர் குடும்பத்தில் பிறந்து சமஸ்கிருதத்தில் எம்.ஏ. முடித்தார். சமஸ்கிருத ஆசிரியர் வேலை மட்டும் கிடைக்கவில்லை. மராத்தா சாதியைச் சேர்ந்தவரை மணந்து 'பாவ்டே' என்ற பெயர் சேர்ந்த பிறகு கிடைத்தது. வேலை தன் படிப்புக்குக் கிடைத்ததா, கணவரின் சாதிப் பெயருக்குக் கிடைத்ததா என்று தன்வரலாற்றில் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்கிறார். நொபிலிக்கும் அதே பாடம்தான். பெயரும் வேடமும் மாறிய பிறகே மொழி கிடைத்தது.

இப்போது லத்தீனுக்கு வருகிறேன்.

பெர்னாந்தஸுக்குத் தாங்கவில்லை. ஒரே சபையைச் சேர்ந்த இளையவர் ஒருவர் தம்மைத் தீண்டத்தகாதவர் போல நடத்துகிறார். 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் அஞ்ஞானச் சடங்குகள், இவர் அவற்றை ஏற்றுக்கொண்டு கிறிஸ்தவர்களுக்கும் அனுமதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. படிப்பு குறைந்த பழைய சிப்பாய் என்று பெர்னாந்தஸை ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலில் மதம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது தவறில்லை. பிறகு நொபிலியோடு மனம் முறிந்த சிவதர்மரும் பெர்னாந்தஸ் பக்கம் வந்து தகவல் கொடுத்தார். பார்ப்பனச் சடங்குகளைப் பற்றி பெர்னாந்தஸ் 1616இல் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நூலே எழுதினார்.

நொபிலி பதிலைப் புகாராக எழுதவில்லை, சாத்திரமாக எழுதினார். 1610இல் ஒரு மறுமொழி. 1613இல் இந்திய நாட்டாரின் சில வழக்கங்களைப் பற்றிய விளக்கம் என்ற பொருள்படும் தலைப்பில் லத்தீன் நூல். 1619இல் இன்னொன்று. 1613ஆம் ஆண்டு நூல்தான் நமக்கு முக்கியம். பாளையங்கோட்டையில் இருந்த சேசு சபை அறிஞர் ச.இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்து 1972இல் வெளியிட்டார். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

அதன் வாதம் இதுதான். மக்களின் வழக்கங்களில் இரண்டு வகை உண்டு. சில, பொய்த் தேவர்களை வணங்குவதற்கானவை. அவற்றை விட்டுவிட வேண்டும். மற்றவை குலத்தையும் பதவியையும் நாகரிகத்தையும் காட்டும் உலகியல் அடையாளங்கள். அவற்றைக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ளலாம். பிராமணர் பூசாரிகள் அல்லர், கற்றவர்களின் குலம். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அணியும் அங்கி போன்றதுதான் அவர்களுடைய நூல். பிராமணருக்குள் ஒருவரோடு ஒருவர் மோதும் பல சமயங்கள் இருக்கின்றன. தெய்வமே இல்லை என்பவரும் உண்டு. எல்லோரும் நூல் போடுகிறார்கள். அப்படியானால் நூல் எந்தச் சமயத்தின் சின்னம்?

நல்ல வழக்கறிஞரின் வாதம். ஒரு பக்கம் அக்வினாஸ் முதலான திருச்சபை ஆசிரியர்கள். மறுபக்கம் சமஸ்கிருதத்திலிருந்து நேர் மேற்கோள்கள். அந்த மேற்கோள்களில் மனுவும் வருகிறார். பிராமணனுக்குப் பருத்தி, சத்திரியனுக்குச் சணல், வைசியனுக்குக் கம்பளி என்று நூலை வருணவாரியாகப் பிரித்துச் சொல்பவர் மனு. குல அடையாளம்தான் நூல் என்று நிறுவ இதைவிடச் சாட்சி வேண்டுமா? வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில மனு 1794இல்தான் வருகிறது. தஞ்சாவூரில் ஜில்லா நீதிபதியாக இருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட பர்னெல் துரை தொடங்கிய மொழிபெயர்ப்பு, அவர் இறந்த பிறகு 1884இல் வெளியாகிறது. அம்பேத்கரின் முன்னிலையில் மகத்தில் மனு எரிந்தது 1927 டிசம்பர் 25இல். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கிறிஸ்துவின் பெயரால் எழுதப்பட்ட ஒரு லத்தீன் நூலில், எதிரியாக அல்ல, சாட்சியாகக் கூண்டில் ஏறி நின்றிருக்கிறார் மனு.

நொபிலியின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சாதி வெறும் வழிபாட்டு விவகாரம் அல்ல. அது நிலம், கூலி, திருமணம், கிணறு, சுடுகாடு. ஆனால் 'உலகியல்' என்று சொல்லிவிட்டால் அதில் பாவம் இல்லை என்று ஆகிவிடுமா? அங்கேதான் அவர் சறுக்குகிறார். சறுக்குகிறார் என்பதுகூடச் சலுகை. அவர் தெரிந்தே தாண்டிப் போகிறார். நூலை அணிந்தவருக்கு அது என்ன என்று விலாவாரியாகக் கேட்ட மனிதர், அந்த நூலின் எதிர்முனையில் இருப்பவருக்கு அது என்ன என்று கேட்கவில்லை. தம் தரப்புக்காக நூற்றுக்கு மேற்பட்ட பிராமணப் பண்டிதர்களிடம் சாட்சியம் வாங்கினார். மதுரைச் சேரியில் ஒருவரிடமாவது வாங்கியிருக்கலாம். பட்டம் பெற்றவரின் அங்கியைப் பார்த்து யாரும் தெருவை விட்டு ஒதுங்கி ஓட வேண்டியதில்லை என்பதை அவர் சொல்லி ரோமுக்குத் தெரிந்திருக்கும்.

1611 வாக்கில் தம் வீட்டில் ஓலையில் எழுதி வைத்த அறிவிப்பும் இதற்குச் சான்று. தாம் பரங்கி அல்லர் என்பதும், தம் வேதத்தில் சேருகிறவர் தம் குலத்தை இழக்க வேண்டியதில்லை என்பதும் அதன் சாரம். கிறிஸ்தவம் வந்து சாதியை ஒழிக்கப் பார்த்தது, முடியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். மதுரை மிஷனைப் பொறுத்தவரை கதை அப்படித் தொடங்கவில்லை. சாதி பத்திரமாக இருக்கும் என்ற உத்தரவாதத்தோடு தொடங்கியது.

1619இல் கோவாவில் கூடிய விசாரணையில் பேராயர் உட்படப் பலர் அவருக்கு எதிராக நின்றார்கள். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆதரித்தார். வழக்கு ரோமுக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். அஞ்ஞான மந்திரமும் சடங்கும் நீக்கி நூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம், சந்தனமும் நீராடலும் அலங்காரத்துக்காக, சுத்தத்துக்காக என்றால் கூடும். நொபிலி வென்றார். தீர்ப்பின் இன்னொரு பகுதியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உயர்குலத்தில் பிறந்தவர்கள் தாழ்ந்தவர்களை இழிவாக எண்ணக் கூடாது, வழிபாட்டிலும் திருவருட்சாதனங்களிலும் அவர்களிலிருந்து பிரிந்து நிற்கக் கூடாது என்று போப் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறார். அனுமதி சட்டமாக அமலுக்கு வந்தது. வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. இந்திய அரசமைப்பின் பதினேழாம் பிரிவைப் படித்த நமக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல.

நடைமுறை என்ன ஆயிற்று? 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்ற சேசு சபைக் குரு 'பண்டாரசுவாமி' கோலம் பூண்டார். பிராமண சந்நியாசிக் குருக்கள் ஒரு வகுப்பு, பிற சாதியாரோடும் பறையரோடும் பழகுவதற்குப் பண்டாரசுவாமிகள் என்று இன்னொரு வகுப்பு. ஒரே சபை, ஒரே லத்தீன் பூசை, இரண்டு வகைக் குருமார். பிராமண சந்நியாசி பண்டாரசுவாமியோடு வெளிப்படையாகப் புழங்க மாட்டார். தா கோஸ்தா காலத்திலிருந்து காவிரிக் கரையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பின்னால் ஓரியூரில் 1693இல் வெட்டுண்டு இறந்த அருளானந்தரும் பண்டாரசுவாமிதான். தஞ்சைச் சீமையின் தலித் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் வேர் இந்தப் பண்டாரசுவாமிகளிடம் இருக்கிறது, தத்துவ போதகரிடம் இல்லை.

நொபிலியின் கடைசிக் காலம் சுகமானதல்ல. 1640இல் மதுரையில் சிறைவாசம். பார்வை மங்கிப் போயிற்று. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். மயிலாப்பூரில் சிறு குடிசையில், அதே ஒருவேளைச் சோற்றோடு வாழ்ந்து 1656 ஜனவரியில் இறந்தார். பிழைப்புக்காக வேடம் போட்ட மனிதர் அல்லர் அவர். ஐம்பது ஆண்டு அந்த வாழ்க்கையை வாழ்ந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் என்று தமிழில் எழுதிக் குவித்தார். உரைநடை வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. கடற்கரைப் பரதவரின் ஜெபங்களில் இருந்த போர்த்துக்கீசியச் சொற்களை எடுத்துவிட்டுப் பூசை, பிரசாதம் என்றெல்லாம் வடமொழி வழிச் சொற்களை வைத்தவர். எங்கள் பாட்டிமார் எழுத்துத் தெரியாமலேயே சர்வேசுரா என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். சத்திரத்தில் கிடைக்காத சமஸ்கிருதத்தில் நாலைந்து சொற்கள் அப்படித்தான் சேரிக்கு வந்து சேர்ந்தன.

அவர் விட்டுச் சென்ற வழக்கு பிறகும் நூறாண்டு நடந்தது. 1704 ஜூனில் புதுச்சேரியில் இருந்தபடி போப்பின் தூதர் தெ தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் பற்றிய தடைகள் அதில் வரிசையாக வருகின்றன. ஒன்று நம்மைப் பற்றியது. சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் குருமார் நுழைய மறுப்பதை நிறுத்த வேண்டும், வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது. ஒரு ஆணை பிறக்கிறது என்றால் அதற்கு எதிரான வழக்கம் இருந்தது என்று அர்த்தம். சாகப் போகிறவரைக் கட்டிலோடு வெளியே தூக்கி வரச்சொன்ன வழக்கம் அது. இந்தக் காட்சியை ஒரு நிமிடம் மனதில் வைத்துக்கொண்டு 'சமூக வழக்கம்' என்ற சொல்லை மறுபடி உச்சரித்துப் பாருங்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்துவைத்தார். எப்படி? பறையர்களுக்கென்றே தனிக் குருமாரை நியமித்துவிடுகிறோம் என்ற சேசு சபையின் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். குடிசைக்குள் போக ஆள் கிடைத்தது. பிரிவினை ரோமாபுரி முத்திரையோடு நிலைத்தது.

எதிர்த்தரப்பான லுத்தரன் மிஷனும் இதற்குத் தப்பவில்லை. தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்ற பறையர் கிறிஸ்தவரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பரம்பரைக் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்கள் கையில் கிடைக்க, தாமே வாசித்து, 1720களின் கடைசியில் லுத்தரன் பக்கம் வந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகச் சாகும்வரை, 1771 வரை, உழைத்தார். கத்தோலிக்கத் தரப்போடு மோதல் கடுமையாகி, அதில் தந்தையைப் பறிகொடுத்தார். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. தகுதிக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. பறையர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். தாமே வாசித்து, தாமே முடிவெடுத்து, இருவகைச் சபையையும் நேரில் கண்ட ஒரு தஞ்சாவூர்ச் சிப்பாய்க்கு லத்தீனும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. தெரிந்திருந்தால் 1613க்கு ஒரு மறுப்பு நமக்குக் கிடைத்திருக்கும். இது என் ஆசை, வரலாறு அல்ல.

இனி நம் காலம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டிய மாதா கோயிலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு கிளையில் வேளாளர், இன்னொன்றில் மற்றவர், நடுவே சுவர். 1910களின் தொடக்கத்தில் குருமாரே அதை இடித்தார்கள். வேளாளர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சுவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தச் சுவர் போயிற்று. வேறு சுவர்கள் இருக்கின்றன. என் தாய்வழி ஊரின் கல்லறையில் ஒன்று இருந்தது. இடுப்பளவுதான் உயரம். என் தாத்தாவைப் புதைத்த அன்று அதன் மேல் உட்கார்ந்துதான் நான் அழுதேன். அந்தப் பக்கம் குதித்துவிடாதே என்று யாரோ அதட்டினார்கள். பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது மடத்துக்குள்ளிருந்த சாதியை வெளியே கொண்டு வந்து போட்டார். பலர் அதிர்ச்சியடைந்தார்கள். 379 ஆண்டுக்கு முன்பே லத்தீனில் எழுதி அனுமதி வாங்கிய விஷயம் அது.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு திறக்கவில்லை. சாதி இந்து மதத்தின் விவகாரம், மதம் மாறினால் அதுவும் கழன்றுவிடும் என்பது அந்தப் பத்தியின் தத்துவம். நொபிலியின் தத்துவம் இதற்கு நேர் எதிர். சாதி மதம் அல்ல, ஆகவே மதம் மாறினாலும் அது கூடவே வரலாம் என்பது. கோயிலுக்குள் நொபிலியின் விளக்கம் செல்லுபடி ஆகிறது. தாலுகா அலுவலகத்தில் மூன்றாம் பத்தியின் விளக்கம் செல்லுபடி ஆகிறது. இரண்டு இடத்திலும் தோற்பவர் ஒரே ஆள்.

அந்த ஆளுக்குப் பெயர் வேண்டுமானால், சூசை. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது, கிறிஸ்தவர் என்பதால் இவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு. சாதி இந்து மதத்தைவிட்டு வந்த பிறகும் தொடர்வதாக மட்டும் காட்டினால் போதாது, அதனால் வரும் இழிவும் தடைகளும் புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று ஆதாரம் காட்ட வேண்டும், அந்த ஆதாரம் இங்கே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆதாரம் இருந்தது, தோழர்களே. ரோமிலும் கோவாவிலும் சேசு சபையின் ஆவணக் காப்பகங்களிலும் மூட்டை மூட்டையாக இருந்தது. 1613ஆம் ஆண்டு நூல், 1623ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 1704ஆம் ஆண்டு ஆணை, 1744ஆம் ஆண்டு முடிவு. குற்றம் சாட்டியவர்கள் எழுதியது மட்டும் அல்ல, நடத்தியவர்களே கையெழுத்திட்டு எழுதிய வாக்குமூலங்கள். அவற்றில் பெரும்பகுதி லத்தீனில் இருக்கிறது, மிச்சம் போர்த்துக்கீசியத்தில். செருப்புத் தைக்கும் சூசைக்கு அதை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரித்துவிடச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டைத் தாண்டிவிட்டது. ஆணையங்களின் முன் நம் தரப்பில் வைக்கப்படும் மனுக்களில் கணக்கெடுப்புகள் இருக்கின்றன, கல்லறைப் புகைப்படங்கள் இருக்கின்றன. நானூறு ஆண்டு ஆவணங்களும் முறையாக மொழிபெயர்த்து இணைக்கப்பட வேண்டும்.

அதற்காகத்தான் இதை இங்கே பேசினேன். இந்த அரங்கில் முதுகலை வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இருக்கிறீர்கள். சமஸ்கிருதம் நமக்கு எதிரியின் மொழி, லத்தீன் பாதிரியின் மொழி, நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம்மைப் பற்றிய வழக்கு அந்த இரண்டு மொழிகளில் நடந்தது, நாம் இல்லாமலே நடந்தது. ஒருவராவது லத்தீன் படிக்கத் தொடங்குங்கள். குருமடத்தில் சேர வேண்டியதில்லை. நல்ல இலக்கணப் புத்தகமும் மூன்று ஆண்டுப் பொறுமையும் போதும். இந்த அமைப்பின் நூலகத்துக்கு இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பை என் கணக்கில் வாங்கித் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.